நான் திருத்தி எழுதிய சாட்சியம்

இது நடந்தது 1968ஆம் ஆண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் ஒரு கத்தோலிக்க மீனவக் கிராமத்தில். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சொந்த இடம் யாழ்ப்பாண நகரத்துக்குக் கிட்ட உள்ள திருநெல்வேலிப் பக்கம். புகையிலையும் வெங்காயமும் வைக்கிற தோட்டக்காரக் குடும்பம், சுத்த சைவம். மாதா கோயில் வளவுக்குள் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியவள், ஆறு மாதத்தில் எந்த முற்றத்தில் என்ன கருவாடு காய்கிறது என்று வாசத்திலேயே சொல்லப் பழகிவிட்டேன். சாப்பிட மட்டும் பழகவில்லை.

எனக்கு நல்ல கையெழுத்து. கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது என்பார்கள். என் விஷயத்தில் அது என் தலையோடு நிற்கவில்லை, இன்னொருவர் தலையிலும் போய் விடிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, அங்கேயே இறந்துபோன ஒரு குருவானவர் இருந்தார். பெரிய சுவாமி என்றுதான் ஊரே சொல்லும். நான் போகும்போது அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. சேமக்காலையில், அதாவது அவர்களுடைய இடுகாட்டில், நட்ட நடுவில் அவருடைய கல்லறை இருந்தது. காய்ச்சல் என்றால் அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். புது வள்ளம் இறக்கினால் அந்த மண்ணைத் துணியில் முடிந்து அணியத்தில், வள்ளத்தின் முன்முனையில், கட்டுவார்கள். அவரை அர்ச்சிஷ்டராக்க, அதாவது புனிதராக்க, வேண்டும் என்று ஊருக்கு ஆசை.

அது லேசான காரியமில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் நாயன்மார்களை யாரும் விசாரணை வைத்துச் சேர்க்கவில்லை. இவர்களுக்கு அப்படியில்லை. அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சாட்சி சொல்ல வேண்டும். அது ஆயரிடம் போக வேண்டும். ஆயர் திருப்திப்பட்டால் முறையான விசாரணை, பிறகு உரோமாபுரி. அங்கே அவர் வாழ்ந்த வாழ்வைத் துருவிப் பார்த்து வணக்கத்துக்குரியவர் என்பார்கள். புதுமை, அதாவது அற்புதம், ஒன்று நடந்து, அது புதுமைதான் என்று வைத்தியர்களும் ஒப்புக்கொண்டால் முத்திப்பேறு பெற்றவர். அதற்குப் பிறகும் புதுமை நடந்தால்தான் அர்ச்சிஷ்டர். நூறு வருடமும் ஆகலாம் என்று அப்போது அந்தக் கோயிலுக்குப் பொறுப்பாக இருந்த பங்குச் சுவாமி சிரித்துக்கொண்டு சொன்னார். பங்குச் சுவாமி நாற்பது வயதுக்காரர், இரக்கமுள்ளவர், எதிலும் ஒழுங்கு பார்க்கிறவர். சாட்சியங்களை எழுதும் பொறுப்பை அவர்தான் என்னிடம் தந்தார்.

"நீங்கள் எங்கடை வேதமில்லை, ரீச்சர். கூட்டியும் எழுதமாட்டியள், குறைச்சும் எழுதமாட்டியள்" என்றார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. வேலை நிரந்தரமாவதற்கு அவருடைய ஒரு கடிதம் போதும் என்ற கணக்கும் உள்ளுக்குள் ஓடியது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவர் எனக்கு ஒரு பட்டியல் தந்தார். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம், விவேகம், நீதி, மனத்திடன், அடக்கம் என்று ஏழு தலைப்பு. இறந்தவரிடம் இந்த ஏழு புண்ணியங்களும் சாதாரண மனிதர்களிடம் காணாத அளவுக்கு இருந்தனவா என்றுதான் மேலிடம் கேட்குமாம். ஆகவே யார் என்ன சொன்னாலும் அதை உரிய தலைப்பின் கீழே எழுத வேண்டும். இதோடு ஒரு ஞாயிறு பூசையில் அவர் அறிவித்தலும் வாசித்தார். பெரிய சுவாமியைப் பற்றி நல்லதோ கெட்டதோ எதை அறிந்தவர்களும் வந்து சொல்ல வேண்டும், தெரிந்ததை ஒளிப்பது பாவம் என்று.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்து மேசையில் உட்கார்ந்தேன். சொல்வதைக் கொப்பியில் கிறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் நீளத் தாளில் அழகாக எழுதி, அடுத்த சனிக்கிழமை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். இதுதான் ஒழுங்கு. ஆனால் கடல் தொழில் செய்கிறவர்களை இரண்டு தரம் கூப்பிட்டால் வருவார்களா? முணுமுணுத்தார்கள். மூன்றாவது வாரம் நானே ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தேன். சொல்லி முடிந்ததும் வெறும் தாளின் அடியிலேயே கையொப்பமோ கைநாட்டோ வாங்கிவிடுவது. மேலே எழுதுவது பிறகு என் பாடு. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். சொன்னதெல்லாம் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாந்திபேதிக் காலத்தில் சொந்தச் சகோதரர்களே படலையைச் சாத்திவிட்டு நிற்க, பெரிய சுவாமி வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கழுவித் துடைத்திருக்கிறார். தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு நிலத்தில் படுத்திருக்கிறார். பிணங்களைத் தன் தோளில் சுமந்திருக்கிறார். எழுத எழுத எனக்கே கண் கலங்கும். சைவக்காரியான நானும் ஒரு நாள் போகிற வழியில் அந்தக் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டேன்.

கடைசிச் சனிக்கிழமை ஒரு பெண் வந்தா. அறுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, இருமல். கருவாடு போட்டு விற்றுப் பிழைக்கிறவ. பிள்ளை ஒன்றுதான், மகள், கலியாணம் முடித்து முல்லைத்தீவில். சாட்சிகளை வரிசைப்படுத்தி அனுப்புவது கோயில் மூப்பருடைய வேலை. ஊர்ப் பெரியவர், வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண்ணைக் கண்டதும் அவர் சுருட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை.

அந்தப் பெண் சொன்னது இதுதான். இருபது வருடத்துக்கு முன்பு அவவுடைய கணவன் தனியே வள்ளத்தில் போய்ப் புயல்காற்றில் அகப்பட்டு இறந்துபோனான். உடல் மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கியது. இடுப்பில் கயிறு, கயிற்றின் நுனியில் வள்ளத்து நங்கூரக் கல். அதற்கு ஒரு வாரம் முன்னர்தான் குடித்துவிட்டு வந்து, கோயில் வாசலில் பெரிய சுவாமியோடு சண்டை பிடித்து, கடலில் விழுந்து சாகிறேன் என்று கத்தியிருந்தான். சுவாமி கல்லையும் கயிற்றையும் பார்த்தார். உயிரை மாய்த்துக்கொண்டவனுக்குச் சேமக்காலையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சட்டமும் அப்படித்தான். மதிலுக்கு வெளியே, கடற்கரை மணலில், செபம் இல்லாமல் மணி இல்லாமல் புதைத்தார்கள்.

ஆனால் அவன் சாகவென்று கட்டவில்லை. காற்று மிஞ்சினால் தனியே போன மனிதன் கல்லுக்கயிற்றில் தன்னைக் கட்டிக்கொள்வது அந்தக் கரையில் வழக்கம். வள்ளத்தைக் கல் பிடித்து நிறுத்தும், கயிறு ஆளைப் பிடித்து நிறுத்தும். உயிர் போனாலும் உடலாவது வள்ளத்தோடு கரைக்கு வரும், பெண்சாதி பிள்ளைகள் முகம் பார்த்துப் புதைக்கலாம். கயிறு கட்டியிருந்த வள்ளத்தின் முன்பலகை உடைந்தபடியால் கல்லும் மனிதனும் ஒரே கயிற்றில் மிஞ்சிவிட்டார்கள்.

"முடிச்சு ஒரே இழுப்பிலை அவிழுற முடிச்சு, ரீச்சர். நான்தான் என்ரை கையாலை அவிட்டனான். சாகப் போறவன் உப்பிடி முடிச்சுப் போடுவானோ? கண்டவை நாலு பேர். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

சுவாமி தோட்டம் செய்கிற ஊரிலிருந்து வந்தவர், கடல் முடிச்சு அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சுவாமியை எதிர்த்துப் பேசப் பயந்து நின்றுவிட்டார்கள். சுவாமி சொன்னால் சொன்னதுதான் என்று இருந்த காலம். இப்போது கடல் வருடா வருடம் கரையை அரித்துக்கொண்டு வருகிறது. இன்னும் இரண்டு மாரிக்கு மேல் அந்தப் புதைமேடு தாங்காது. அதற்கு முன்னர் எலும்பையாவது மதிலுக்கு உள்ளே கொண்டுவர வேண்டும். எத்தனையோ பேரிடம் கேட்டாயிற்றாம், பெரிய சுவாமி வைத்த இடத்தை மாற்ற ஒருவருக்கும் மனமில்லை. இந்த எழுத்து ஆயரிடம் போகும் என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தா.

பெரிய சுவாமியில் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினா. வாந்திபேதிக் காலத்தில் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவர் அவர்தான் என்றா.

"நல்லவர்தான். அதாலைதான் சொல்லுறன். தெரியாமல் செய்துபோட்டார் எண்டு எழுதுங்கோ. அந்தக் கல்லு அவரின்ரை காலிலையும் கிடக்கு. அதோடை எப்பிடி அவர் மேலை போறது?"

நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். சொன்னபடிதான் எழுதினேன், அதுவரையில் என் கை சுத்தம். வெறும் தாளை நீட்டினேன். மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றி, தாளில் வைத்து, அழுத்தி எடுத்தா. விரல் உப்பில் வெடித்திருந்தது. ரேகை சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனா.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தபோதுதான் தலையிடி தொடங்கியது. இதை எந்தத் தலைப்பின் கீழே எழுதுவது? ஏழும் புண்ணியங்கள். தவறு என்று ஒரு தலைப்பு இல்லை. நாற்பது தாள் பளிங்குபோல இருக்க, இது ஒன்று மட்டும் முகத்தில் கரி பூசியதுபோல நிற்கும். பங்குச் சுவாமியின் முகம் சுருங்கும். ஊர் என்னை என்ன சொல்லும்? வேற்றுச் சமயக்காரி வந்து எங்கள் சுவாமியைக் குலைத்துப்போட்டாள் என்று சொல்லாதா? என் வேலை? இரண்டு இரவு யோசித்தேன். மூன்றாம் நாள் பூசி மெழுகத் தொடங்கினேன். தமிழில் பூசி மெழுக வேண்டுமென்றால் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை.

நீதி என்ற தலைப்பின் கீழே எழுதினேன். ‘என் கணவர் தற்கொலை செய்துகொண்டபோது, குடும்பத்தின் கண்ணீருக்கும் மனம் இளகாது, திருச்சபையின் ஒழுங்கைப் பெரிய சுவாமி தயங்காமல் நிறைவேற்றினார். ஆயினும் என் பிள்ளை நோயுற்றபோது அவரே அதைத் தோளில் சுமந்தார். அவருடைய நீதியும் இரக்கமும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவி நின்றன.’ வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடைசி வசனத்தை நான் இரசித்தேன். கீழே அந்தப் பெண்ணின் பெருவிரல் ரேகை இருந்தது.

முடிச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை. எலும்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருத்தி தன் வாயால் தன் புருஷனைத் தற்கொலைக்காரன் என்று சொன்னதாக எழுதியிருக்கிறேன் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐப்பசியில், மழை தொடங்கிய கையோடு, பட்டணத்திலிருந்து ஒரு வயதான குருவானவர் வந்தார். தாள்களைச் சரிபார்க்க ஆயர் அனுப்பியவர். இறந்தவரிடம் குறை தேடுவதுதான் அவருக்கு இட்ட வேலை. சனங்கள் அவரைப் பசாசின்ரை அப்புக்காத்து என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள், பிசாசுக்காக வழக்குப் பேச வந்தவராம். மனிதர் கண்ணாடியும் குடையுமாக ஒரு தலைமை வாத்தியாரைப்போல இருந்தார். குறையே இல்லாத மனிதரைத் தான் நம்புவதில்லை என்று என்னிடம் சொன்னார். கட்டிலிருந்து ஆறு தாள்களை உருவினார். அந்தப் பெண்ணின் தாளும் அதில் ஒன்று. கணவனுக்குக் கிடைத்த தண்டனையை மனைவி புகழ்வது அவருக்குப் புதினமாக இருந்ததாம்.

அன்று அந்தப் பெண்ணுக்கு நல்ல சுகமில்லை. காய்ச்சலோடு, மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தா. முகத்தில் மட்டும் ஒரு தெளிவு. தன் கதை போய்ச் சேர்ந்துவிட்டது, விசாரிக்க ஆள் வந்துவிட்டது என்ற நினைப்பு. என்னைப் பார்த்துத் தலையசைத்தா. மேசைக்கு ஒரு பக்கம் பட்டணத்துக் குருவானவர், பக்கத்தில் பங்குச் சுவாமி. வாசலில் மூப்பர். நான் சுவரோரம் நின்றேன்.

அவர் தாளை எடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். ‘என் கணவர் தற்கொலை செய்துகொண்டபோது’ என்ற இடத்தில் அந்தப் பெண் நிமிர்ந்தா. வாசித்து முடிந்ததும் மெதுவாக என் பக்கம் திரும்பினா.

"என்ரை மனிசன் தற்கொலை செய்தவர் எண்டு நானோ சொன்னனான்?"

குருவானவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்த மனிதருக்கு வேண்டியிருந்ததே அந்தப் பெண் உண்மையில் சொன்ன கதைதான். அந்த அறையில் அதைக் கேட்க ஆசைப்பட்ட ஒரே ஆள் அவர். நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.

"ரீச்சர், இவ சொன்னபடிதானே எழுதினீங்கள்?" என்று கேட்டார்.

நான் "ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். பாடசாலை இடாப்புக் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்வதுபோலச் சட்டென்று வந்தது.

அந்தப் பெண் தன் பெருவிரலைப் பார்த்தா. பிறகு, "ரீச்சர் சொன்னால் சரியாத்தான் இருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது" என்றா. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனா. மூப்பர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவரும் நிலத்தைத்தான் பார்த்தார்.

அன்றிரவு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. நேரே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், பஸ் வந்ததும் நாளைக்குப் பார்ப்போம் என்பேன். இப்படியே இரண்டு கிழமையைக் கடத்தினேன். கோழைக்கு நாளை என்ற சொல் எவ்வளவு பெரிய உபகாரம்! பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னது, அந்தப் பெண் பாயோடு பாயாகக் கிடக்கிறா, வைத்தியர் கைவிட்டுவிட்டார் என்று. அன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் போனேன்.

கிடுகுக் கொட்டில். ஒரு பக்கம் ஒழுக்கு. முல்லைத்தீவிலிருந்து மகள் இன்னும் வந்து சேரவில்லை. நான் பாயடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமென்றுதான் மாற்றி எழுதினேன், பயத்தில் ஓம் என்றேன், இப்போதே வேறு தாளில் சரியாக எழுதுகிறேன், அந்தக் குருவானவரையே கூட்டிவருகிறேன் என்று அழுதேன். உண்மையாகவே கொப்பியும் பேனாவும் கொண்டுதான் போயிருந்தேன். அவ என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வேண்டாம், ரீச்சர். இனி எழுத வேண்டாம்" என்றா. இருமல் அடங்கியதும் என் கையைப் பிடித்தா. "அவரை உள்ளை கொண்டுவர ஏலாது எண்டு எனக்கு விளங்கியிட்டுது. என்னை வெளியிலை அவரோடை வைக்கச் சொல்லுங்கோ. வாயாலை சொன்னால் போதும்."

சொல்கிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

நேரே மூப்பரிடம் போனேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். நான் சொன்னதைக் கேட்டபடி ஊசியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே, "முடிச்சை நானும் கண்டனான், ரீச்சர்" என்றார். இதைப் போய்ச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். இருபது வருடமாகச் சொல்லாததை இப்போது சொன்னால் ஊர் தன்னைச் சும்மா விடாது என்றார். எனக்குக் கோபம் வரப் பார்த்தது. வரவில்லை. இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

பங்குச் சுவாமியிடமும் போனேன். அவரிடம் முழுவதையும் ஒப்புக்கொண்டேன். தாள்கள் போன கிழமையே ஆயர் இல்லத்துக்குப் போய்விட்டன என்றார். அந்தப் பெண்ணின் ஆசையைச் சொன்னேன். அவருக்கு உண்மையில் மனம் நொந்தது. ஆனாலும், பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, சாகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலும் பெற்ற ஒரு கிறிஸ்தவப் பெண்ணை எப்படி வெறும் மணலில் வைப்பது என்று கேட்டார். ஊர் கேட்டால் என்ன சொல்வது? தண்டனை கொடுத்ததுபோல ஆகாதா? தன்னால் முடிந்த மரியாதையைச் செய்கிறேன் என்றார்.

கார்த்திகை நடுவில் அந்தப் பெண் இறந்துபோனா. பங்குச் சுவாமி சொன்னபடியே மரியாதை செய்தார். ஏழைகளுக்கு மதிலோரம்தான் இடம். இந்தப் பெண்ணுக்கோ பெரிய சுவாமியின் கல்லறைக்குக் கால்மாட்டிலேயே குழி வெட்டியிருந்தது. சுவாமிக்குச் சாட்சி சொன்ன மனுசி, தன் துக்கத்தையும் பாராமல் அவருடைய நீதியைப் புகழ்ந்த மனுசி என்று பிரசங்கத்தில் ஊருக்குச் சொல்லவும் செய்தார். அது நான் எழுதிய வசனம். அவர் உண்மையை அறிந்தவர். இறந்தவவுக்கு இந்தப் பெயராவது மிஞ்சட்டும் என்று நினைத்தாராம், பிறகு என்னிடம் சொன்னார். இரக்கத்தில் செய்ததுதான். மகள் வந்திருந்தா. தாய்க்கு இப்படி ஒரு இடம் கிடைத்ததே என்று பங்குச் சுவாமியின் கையைப் பிடித்து அழுதா.

நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். மூப்பர் சவப்பெட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். முதல் பிடி மண் விழும்வரை, இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. சத்தியம் செய்து கொடுத்தவள் நான். மகளுடைய முகத்தைப் பார்த்தேன். வாய் வரவில்லை. இரண்டாவது தரமும் நான் உண்மையைச் சொல்லாமல்தான் நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் பெரிதாக இரைந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் பட்டணத்துக் குருவானவருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். கொப்பியில் இருந்த அந்தப் பக்கத்தையும் கிழித்து வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிந்தியாவது எழுதினீர்களே என்று தொடங்கியிருந்தார். சாட்சி உயிரோடு இல்லை, கைநாட்டு நான் மாற்றி எழுதிய தாளில்தான் இருக்கிறது, ஆகவே என் கடிதத்தை அந்தப் பெண்ணின் சாட்சியமாக எடுக்க முறையில்லை, ஆனாலும் கட்டோடு சேர்த்து வைக்கிறேன் என்று முடித்திருந்தார். கடைசியில் ஒரு வரி, எனக்காகச் செபிப்பதாக.

என் கடிதத்தாலோ, வேறு காரணத்தாலோ, பெரிய சுவாமியின் காரியம் மேலே நகரவில்லை. கட்டு எங்கோ ஒரு அலுமாரியில் கிடப்பதாகக் கேள்வி. அடுத்த வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது, இடமாற்றமும் வந்தது. கையில் நியமனக் கடிதத்தை வாங்கியபோது சந்தோஷப்பட முடியவில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

எண்பத்தோராம் ஆண்டு, என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் கலியாணத்துக்கு அந்த ஊருக்குப் போனேன். மூப்பர் எப்போதோ காலமாகிவிட்டார். சேமக்காலைக்குத் தனியே நடந்தேன். மதிலின் கடற்பக்கம் இடிந்து, அலை தடுக்கக் கற்கள் கொட்டியிருந்தார்கள். அந்த மேடு இருந்த இடம் எது என்று கேட்கவும் ஆளில்லை, இருந்தாலும் காட்ட இடமில்லை. உள்ளே, பெரிய சுவாமியின் கால்மாட்டில், அந்தப் பெண்ணுக்குச் சீமெந்தில் கல்லறை கட்டியிருந்தார்கள். மகள் கட்டுவித்தது. ‘பெரிய சுவாமியின் புனிதத்துக்குச் சாட்சி பகர்ந்தவர்’ என்று பெயருக்குக் கீழே பொறித்திருந்தது. தலைமாட்டில் மண் கொஞ்சம் கிள்ளி எடுத்த அடையாளம். சுவாமிக்குக் கிட்ட வைக்கப்பட்டவ அல்லவா, இங்கேயும் மண் எடுக்கிறார்கள் என்று விளக்கேற்ற வந்த ஒரு பெண் சொன்னா.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. ஓய்வு பெற்ற ரீச்சர் என்று அயலவர்கள் மனு, கடிதம் எழுதித் தரச் சொல்லி இன்னும் வருகிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் சொன்ன சொல்லையே போடுகிறேன், தமிழ் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் கைவைப்பதில்லை. இரண்டு தரம் வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்குகிறேன். அவர்கள் சரி என்று தலையாட்டிப் போன பின்பும், ஒருத்தியை அவளுடைய புருஷனிடமிருந்து கடைசிவரைக்கும் பிரித்து வைத்த கை இது என்ற நினைப்பு ஒரு நாளாவது எனக்கு வராமல் இருந்ததில்லை.